ஒன்றியமும் ஒரு கை ரசமும்

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் வீட்டில் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லையே என்று டெல்லியில் உட்கார்ந்து நீ திட்டுவது இங்கே காதில் விழுகிறது. ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள், அது ஒரு சாக்கு. அடுத்த கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை எழுத்து வேலை வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு, அது இன்னொரு சாக்கு. நிஜக் காரணம் வேறு. நம் கூட்டாளி பட்டாளம் என்னோடு பேசுவதில்லை. இன்றோடு 41 நாள். உனக்கு எழுத உட்கார்ந்தால் அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது, சொன்னால் நீ சிரிப்பாய். அதனால்தான் தள்ளிக்கொண்டே போயிற்று.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

அவன் பேரனுக்குக் காதுகுத்து. கோயில் மண்டபத்தில் பந்தி. வழக்கம்போல எனக்குப் பக்கத்து இலை அவனுக்கு. ரசம் வந்துகொண்டிருந்தது. டெல்லிக்கு உன்னைப் பார்க்க ஒரு நடை போய்வரலாமா என்று அவன்தான் ஆரம்பித்தான். நான் வாயைத் திறந்தேன். அப்பளம் நமுத்துவிட்டது என்று முதலில் சொன்னேன். அப்புறம், ரயிலில் நமக்கு இருந்த 40 சதவீதச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், கொரோனா போய் இத்தனை காலம் ஆகியும் ஒன்றிய அரசு அதைத் திருப்பித் தர மனசு வைக்கவில்லை, முழு டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்தச் சோடாபுட்டி மூஞ்சியைப் பார்க்க வேண்டுமா என்றேன். ரசஞ்சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

“என்ன சொன்னே?”

“சீனியர் சிட்டிசன் சலுகை போச்சுன்னு சொன்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“அப்பளம் நமுத்துப்போச்சுன்னேன்.”

“ரெண்டுக்கும் நடுவுல.”

நடுவில் இருந்தது அந்த ரெண்டு வார்த்தைதான். முழங்கை வரை ரசம் வழிகிறது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை அவன். “22 வருஷம் பனியில நின்னேனே, அது ஒன்றியத்துக்கா? பஞ்சாயத்து யூனியன் ஆபீஸுக்கா காவல் நின்னேன்?” என்றான். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாயசத் தூக்கோடு வந்த பையன் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். அந்தப் பாயசம் போனது வேறு என் கணக்கில் எழுதியாகிவிட்டது.

இதில் என்னை அரிக்கிறது என்ன தெரியுமா? சலுகையை நிறுத்தியது தப்பு என்பதில் அவனுக்கும் எனக்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. போன வருஷம் அவன்தான் அதைப் பற்றி முழுநீள மனு ஒன்று எழுதி, நான் ஒற்றுப் போட்டுக் கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். விஷயத்தில் ஒத்துப்போகிறோம். விஷயத்துக்குச் சொந்தக்காரரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதில் சண்டை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பிழை திருத்தியே பிழைத்தவன் வாய். “அரசியல் சட்டம் முதல் பிரிவிலேயே ‘யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்’னுதானடா போட்டிருக்கு” என்றேன். “அப்போ இத்தனை வருஷமா நீ ஆபீஸ்ல மத்திய அரசுன்னு திருத்திக் கொடுத்தது என்ன, தப்பா?” என்றான். நியாயமான கேள்வி. பதில் இல்லாமல், சமாதானமாகப் போகட்டும் என்று, “சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நடுவண் அரசுன்னு வெச்சுக்கலாம், பாடப்புத்தகத்துலகூட அப்படி இருக்கு” என்றேன். அவ்வளவுதான். மத்திய என்றாலும் நடுவண் என்றாலும் அர்த்தம் ஒன்றுதான், இவன் என்னைத் தமிழ் தெரியாதவன் என்று நினைத்துவிட்டான் என்று இலையை மூடி எழுந்துவிட்டான். உள்பக்கம் மடித்து மூடினானா வெளிப்பக்கம் மடித்து மூடினானா என்று கேட்காதே. நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல், அரசியல் நிர்ணய சபை விவாதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணோடுதான். கேள் இதை. 1948 நவம்பர் 4-ம் தேதி வரைவை முன்வைத்துப் பேசும்போது, ‘ஃபெடரேஷன்’ என்று போடாமல் ‘யூனியன்’ என்று ஏன் போட்டோம் என்று அம்பேத்கரே காரணம் சொல்கிறார். மாநிலங்கள் கூடி உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு உண்டாக்கிக்கொண்ட நாடு இல்லை இது; ஒப்பந்தம் இல்லாததால் விலகிப் போகும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லை; பிரிக்க முடியாதது என்பதைக் காட்டத்தான் அந்தச் சொல். அதாவது, பிரிவினை வாடை அடிக்கிறது என்று பட்டாளம் எந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து போனானோ, அந்தச் சொல்லைப் பிரிவினைக்கு எதிராகத்தான் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள். மாநில உரிமைக்காக அதை ஆசையாகச் சொல்கிற நம் பையன்களுக்கும் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். பட்டாளம் சொல்வதிலும் சட்டம் இல்லாமல் இல்லை. சட்டச் சொற்களுக்கு அர்த்தம் சொல்கிற ஜெனரல் கிளாசஸ் ஆக்டில் ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட்’ என்றுதான் விளக்கமே எழுதியிருக்கிறது. ரெண்டு பேருக்கும் பிடிமானம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒருத்தன் கையில் ரசம், ஒருத்தனுக்குப் பாயசம் இல்லை.

இதைப் போய் அவனிடம் சொல்ல ஆசையாக இருந்தது. போனை எடுக்கவில்லை. மூன்று தடவை.

நான் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. 2021-ல் இங்கே ஆட்சி மாறி அரசு அறிக்கைகளில் ஒன்றிய அரசு வந்ததும் பேப்பர்களில் படித்துப் படித்து என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அசந்தால் பழைய ‘மத்திய’வும் வந்துவிடும். அப்படித்தான் தங்கச்சி பேரன் முன்னால் ஒருநாள் மத்திய பட்ஜெட் என்று சொல்லிவிட்டேன். “தாத்தா, நீங்களுமா?” என்றான். நீங்களுமா! கத்தியால் குத்தினவனைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. காலையில் மத்திய என்றால் சங்கி, சாயந்தரம் ஒன்றிய என்றால் தேசத்துரோகி. மனுஷன் வாயைத் திறந்து முதல் சொல்லை வெளியே விட்டதும் ரெண்டாவது சொல்லை யாரும் கேட்பதில்லை. எந்த முகாம் என்று தெரிந்துவிட்டதாம், இனி எதற்குக் கேட்பானேன்.

உன்னை ஒன்று கேட்கிறேன். 40 வருஷம் அங்கே ஃபைல் தூக்கினாயே, நீ இப்போது வாங்குவது மத்திய அரசு பென்ஷனா, ஒன்றிய அரசு பென்ஷனா? யோசித்துப் பதில் எழுது. உன் பதிலைப் பொறுத்துத்தான் என் அடுத்த கடிதம்.

பேச்சோடு பேச்சாக ஒரு புதையல் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரம் ஒன்று தேடி அப்பாவின் தகரப்பெட்டியைக் குடைந்தபோது ஒரு தேர்தல் நோட்டீஸ் அகப்பட்டது. 1952. கையகலம்தான், பழுப்பு நிறம், நாலாக மடித்தது, மடிப்பில் தொட்டால் உதிர்கிறது. ‘லை’ எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய லை. “மகாஜனங்களுக்கு விக்ஞாபனம்” என்று தலைப்பு. அதற்குக் கீழே இன்னார் இந்தத் தொகுதிக்கு “அபேட்சகராக” நிற்கிறார், அன்னாருடைய சின்னம் ஒட்டிய பெட்டியில் உங்கள் சீட்டைப் போட வேண்டும் என்று இருக்கிறது. அப்போது முத்திரை குத்துவது கிடையாதே, ஆளுக்கொரு பெட்டி, பெட்டி மேல் சின்னம், சீட்டைக் கொண்டுபோய் உள்ளே போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இதில் வேடிக்கை, அபேட்சகர் பெயரும் சின்னமும் இருந்த இடத்தை ராமபாணப் பூச்சி வட்டமாகத் தின்றுவிட்டது. எந்தக் கட்சி என்று தெரியாது. இன்றைக்கு யார் வீட்டிலும் பயமில்லாமல் எடுத்துக் காட்டக்கூடிய ஒரே அரசியல் நோட்டீஸ் என்னிடம்தான் இருக்கிறது.

அபேட்சகர் என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! அபேட்சை என்றால் ஆசை, எதிர்பார்ப்பு. அதை எடுத்துவிட்டு வேட்பாளர் என்று வைத்தார்கள். வேட்பு என்றாலும் ஆசைதான், வேட்கை என்கிறோமே அதே வேர். சமஸ்கிருதம் போய்த் தமிழ் வந்தது, ஆசை மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. இங்கிலீஷ்காரன் சொல்லுக்கு வேறு கதை. லத்தீனில் ‘காண்டிடஸ்’ என்றால் வெள்ளை. ரோமாபுரியில் பதவிக்கு நின்றவர்கள் சுண்ணாம்பு பூசி வெளுத்த அங்கி போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டுப் போவார்களாம். சலவை வேட்டி நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை, பார்த்துக்கொள்.

தேர்தல் என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்தது. தேர்தல் என்றால் ஓட்டுப் போடுவது இல்லை, ஆராய்ந்து எடுப்பது. “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்” என்று குறள். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், நம்பினபிறகு அவனைச் சந்தேகப்படுவதும் தீராத துன்பம். முதல் பாதி நாம் ஓட்டுப் போடுகிற லட்சணம். ரெண்டாவது பாதி பட்டாளம் எனக்குச் செய்தது.

அந்த நோட்டீஸை வைத்துக்கொண்டு இன்னொன்றும் யோசித்தேன். இது என் எரிச்சலுக்குக் கொஞ்சம் பாதகமான யோசனை, இருந்தாலும் உன்னிடம் மறைப்பானேன். நம் அப்பாக்கள் காலத்திலும் இதே கூத்துதானே? கூட்டத்தில் “அக்கிராசனர் அவர்களே” என்று ஆரம்பித்தால் ஒரு கட்சி, “தலைவர் அவர்களே” என்றால் இன்னொரு கட்சி. காரியதரிசியா செயலாளரா, மந்திரியா அமைச்சரா என்பதை வைத்தே வீட்டில் மாட்டியிருக்கும் படம் யாருடையது என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு எந்தக் கட்சிக்காரர் மேடை ஏறினாலும் அமைச்சர், செயலாளர், வேட்பாளர்தான். அக்கிராசனர் என்று சொன்னால் பையன்கள் அக்ரகாரத்தில் ஏதோ சாமான் என்று நினைப்பார்கள். ஆனால் அதே அலையில் சபாநாயகர் மட்டும் தப்பித்து இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பேரவைத் தலைவர் என்று எழுதுகிறவர்களும் உண்டு, அதற்காக யாரும் இலையை மூடி எழுந்ததில்லை. பாராளுமன்றமா நாடாளுமன்றமா என்பதும் அப்படித்தான் ஓசைப்படாமல் முடிந்தது. பார்லிமென்ட் என்ற ஓசையையும் விடாமல் உலகத்தையே ஆளுகிற மன்றம் என்று பொருளும் வருகிற மாதிரி செய்த சொல் பாராளுமன்றம். எனக்கு அது போனதில் வருத்தம்தான். இலங்கைத் தமிழர்கள் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆக, 30 வருஷம் கழித்து, காது குத்திக்கொண்ட அந்தப் பொடியன் ஒன்றியமோ மத்தியமோ ஏதோ ஒன்றைச் சொல்லுவான், எதற்காகத் தாத்தாக்கள் அடித்துக்கொண்டார்கள் என்று அவனுக்குப் புரியாது. சரிதான். ஆனால் எனக்கும் பட்டாளத்துக்கும் 30 வருஷம் ஏதடா?

சரி, உன் பொங்கல் கேள்விக்கு வருகிறேன். சசி தரூர் 2017-ல் ட்விட்டரில் போட்ட ‘ஸ்னாலிகாஸ்டர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தாய். கெட்டிக்காரன், கொள்கை கிடையாது, அரசியல்வாதி: மூன்றும் ஒரே சொல்லில் வேண்டும் என்று நிபந்தனை வேறு. முதல் பயன்பாடு 1845, கடைசிப் பயன்பாடு 26/7/17 என்று அவர் போட்டதுதான் அதில் உயிர். பிஹார் முதல்வராக இருந்த நிதீஷ் குமார் ராஜினாமா செய்து மறுபடி பா.ஜ.க. பக்கம் போன நாள் அது. அதற்கப்புறம் 2022-ல் இந்தப் பக்கம் வந்து 2024-ல் மறுபடி அங்கே போனதைப் பார்த்தால் கடைசிப் பயன்பாடு என்று எந்தத் தேதியையும் அச்சுக்குக் கொடுக்க முடியாது போலிருக்கிறது. லாலு வைத்த ‘பல்ட்டூ ராம்’ நமக்கு இன்னும் நெருக்கம், பல்டி நமக்கும் தெரியுமே. பச்சோந்தி சரிவராது, அது பயந்து நிறம் மாறுவது. சந்தர்ப்பவாதி தலையங்கச் சொல், சோறு தண்ணி இல்லாமல் வளர்ந்தது. என் ஓட்டு ‘எத்தன்’ என்பதற்கு. எத்தனுக்கு எத்தன் என்று ஊரில் சொல்வார்களே, அந்த எத்தன். அதில் திட்டும் இருக்கிறது, ஒரு சொட்டு மெச்சுதலும் இருக்கிறது. உனக்குச் சம்மதமா?

ராம் என்றதும் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். ஆயா ராம் கயா ராம், அதாவது வந்தான் ராம் போனான் ராம்! 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. ரெண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறியதில் பிறந்த சொல். நம்ம ஆபீஸில் அதைப் பற்றிய கட்டுரைக்குப் புரூஃப் வந்தபோது, “இந்த ஆயா யாரு, பாலர் பள்ளி ஆயாவா” என்று கேட்டு, ‘திருமதி’ என்று சேர்த்துக் கம்போஸ் பண்ணிய மகானை நீ மறந்திருக்க மாட்டாய். திருமதி ஆயா ராம்! நல்லவேளை என் கண்ணில் பட்டது.

தாவுகிறவர்களைக் கட்டிப்போட 1985-ல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை வந்தது. மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து போனால் தாவல் இல்லை, பிளவு என்று அதில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். 2003-ல் அதை அடைத்தார்கள். இப்போது மூன்றில் ரெண்டு பங்கு பேர் சேர்ந்து போனால் அதற்குப் பெயர் இணைப்பு. ஒருத்தன் போனால் துரோகம், மொத்தமாய்ப் போனால் கல்யாணம். இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் கொறடா. கொறடா என்றால் சாட்டை. இங்கிலீஷில் ‘விப்’ என்பது நரிவேட்டையில் நாய்கள் கூட்டத்தை விட்டு ஓடாமல் சாட்டையால் மடக்குகிறவனிடமிருந்து வந்தது. அப்படியானால் அங்கே உறுப்பினர்கள் யார் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

நீக்குவது என்றதும், 2022 ஜூலையில் மக்களவைச் செயலகம் போட்ட பட்டியல் உனக்கு ஞாபகம் இருக்கும். நாடகம், ஊழல், முதலைக் கண்ணீர், கழுதை, சகுனி, எல்லாம் அவைக்கு ஒவ்வாத சொற்கள். தடை ஒன்றும் இல்லை, ஏற்கெனவே நீக்கியதைத் தொகுத்தோம் என்று சபாநாயகர் விளக்கம் சொன்னார். 1999-ல் போட்ட தொகுப்பே 900 பக்கம். அதற்குப் புரூஃப் பார்த்தவனை நினைத்துப் பார்க்கிறேன், பொறாமையாக இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி 2015-ல் நடந்தது. ‘கோட்ஸே’ என்ற சொல்லும் ஒவ்வாத பட்டியலில் இருந்தது. நாசிக்கிலிருந்து ஜெயித்து வந்த சிவசேனா உறுப்பினருக்குக் குடும்பப் பெயரே அதுதான். என் பெயரை அவையில் எப்படிச் சொல்வது என்று அவர் எழுதிக் கேட்க, அப்போதைய சபாநாயகர் சுமித்ரா மகாஜன், முழுப்பெயர் நாதுராம் கோட்ஸே என்றால்தான் நீக்கம், வெறும் கோட்ஸே இருக்கலாம் என்று தீர்த்துவைத்தார். ஒரு சொல்லை அதன் கூட நிற்கிற ஆளிடமிருந்து பிரித்தெடுத்தார் பார், அதுதான் தீர்ப்பு. என் ‘ஒன்றிய’த்தையும் யாராவது அப்படிப் பிரித்துக் கொடுத்தால் தேவலை.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். 77 ஞாபகம் இருக்கிறதா? வடக்கே இந்திரா ரேபரேலியிலேயே தோற்றார், இங்கே அவர் கூட்டணி அள்ளிக்கொண்டு போயிற்று. நீ ஒரு பக்கம், பட்டாளம் லீவில் வந்து இன்னொரு பக்கம், நான் ரெண்டு பக்கமும் பிழை கண்டுபிடித்துக்கொண்டு. ராத்திரி ரெண்டு மணி வரை கத்தினோம். அவன் உன்னை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொன்னான், 900 பக்கத்திலும் இருக்காது. அப்புறம் மூன்று பேரும் ஒரே தட்டில் பரோட்டா சாப்பிட்டோம். (பந்தயத்தில் தோற்றவன் நீ. காசு கொடுத்தவன் நான். பாக்கி இன்னும் நிற்கிறது.) அன்றைக்கு அவ்வளவு பெரிய விஷயத்துக்குப் போகாத கோபம், இன்றைக்கு ஒரு பெயரடைக்கு வருகிறது என்றால், நமக்கு வயசாகிவிட்டதா, அல்லது ஊருக்கே இப்படி ஆகிவிட்டதா? பட்டாளத்துக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அவன் மருமகள் என் வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். கால் விரலில் புண்ணாம். முன்னே என்றால் நான்தான் ஸ்கூட்டரில் கட்டுப்போடக் கூட்டிப் போவேன். இப்போது யார் கூட்டிப் போகிறார்கள் என்றுகூடத் தெரியாது.

அதனால், மாசியில் நீ வரும்போது முதலில் அவன் வீட்டுக்குப் போ. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல். எதிலிருந்து என்று கேட்பான். பழைய பொருளில் என்று சொல். ‘ராஜி’ என்றால் சம்மதம், ‘நாமா’ என்றால் பத்திரம். கேஸை ராஜி பண்ணிக்கொண்டார்கள் என்று கோர்ட்டு வாசலில் சொல்வார்களே, அந்த ராஜி. பதவியை விட்டு ஓடுவதற்கு அந்தச் சொல்லை யார் எப்போது கட்டிவிட்டார்களோ. அவன் ஆசைப்பட்டால் இந்திய அரசு என்றே சொல்லிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடுவண் என்று நான் சொன்னதில் உள்குத்து எதுவும் இல்லை என்பதை அவன் ஒத்துக்கொள்ள வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன்
ஒற்றன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பட்டாளத்தின் மூத்த பேரன் வந்தான். காதுகுத்தன்று நாங்கள் மண்டபத்தில் மறந்துவிட்டு வந்த தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை மிதித்துவிட்டான். திறந்து பார்த்தேன். அடியில் ஒரு பிடி கற்கண்டு. பட்டாளம் போட்டதா, அவன் பெண்டாட்டி போட்டதா தெரியவில்லை. போகிறபோது மெதுவாக விசாரித்து எனக்கு எழுது.